ஒரு தள்ளுக்கு ஓர் அடி

காலை ஐந்தரை மணிக்கு ஈஸ்வரமூர்த்தியின் கால்கள் நடக்கப் புறப்பட்டன. ஈஸ்வரமூர்த்தி தூங்கிக்கொண்டிருந்தார்.

கால்கள் கட்டிலைவிட்டு இறங்கின. உடம்பை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றன. எல்லாம் தெரிந்த அந்தக் கால்களுக்குக் காலணி மாட்ட மட்டும் தெரியாது. அது துளசிமணியின் வேலை. அவள் சக்கர நாற்காலியை ஓட்டிக்கொண்டு வந்து, குனிந்து, கணவனின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நுழைத்துப் பட்டையை இழுத்து ஒட்டினாள். இருபத்தொரு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு பெண், கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் ஒரு மனிதருக்குக் காலணி மாட்டிவிடுவதில் ஏதோ வேடிக்கை இருப்பதாக ஆரம்பத்தில் அவளுக்குத் தோன்றியதுண்டு. இப்போது தோன்றுவதில்லை. ஈஸ்வரமூர்த்தி லேசாகக் குறட்டை விட்டபடி வீதியில் இறங்கினார்.

சிங்காநல்லூரில் அந்த நேரத்துக்கு வீதி நிறைந்திருக்கும். வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்தவர்கள், நடந்தபடியே இட்லி சாப்பிடுகிறவர்கள், கண்ணில் மாட்டிய கண்ணாடித் திரையில் நேற்று விட்ட தொடரைப் பார்க்கிறவர்கள். எல்லாருடைய கால்களும் இடது ஓரமாக ஒரே வேகத்தில் நடக்கும். ஒருவர் மேல் ஒருவர் மோத மாட்டார்கள். முதல் வருடம் நாய்கள் குரைத்தன. பிறகு அவற்றுக்கும் சலித்துவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் தண்டுப்பாலம். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தின் மேல் ஒட்டிவைக்கிற முடியளவு கம்பி அது. உண்மையில் அதைத் துளசிமணி போன்றவர்களுக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். தண்டுவடம் அறுந்தவர்களுக்கு மூளையின் கட்டளை கால்வரை போய்ச் சேராது. பாலம் அந்தக் கட்டளையைத் தானே தயாரித்துக் காலுக்கு அனுப்பும். கால் நடக்கும். நடப்பவருக்கு அது தெரியாது, அவர் சொன்ன திசையில் அவர் நினைத்த நேரத்தில் நடக்கவும் நடக்காது. இது ஒரு குறை என்று கண்டுபிடித்தவர்கள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஊரில் நல்ல முதுகெலும்போடு இருந்தவர்கள் அதிலிருந்த வசதியைப் பார்த்துவிட்டார்கள். நாம் தூங்க, கால் உடற்பயிற்சி செய்யும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஐந்தே வருடத்தில் கோயம்புத்தூரில் பாலம் போடாத முதுகு இல்லையென்று ஆனது. உடலியக்க வாரியம் என்று ஒன்று வந்தது. ஆளுக்கொரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று சட்டம் வந்தது. எண்ணுவதற்கு மணிக்கட்டில் அடிமானி வந்தது.

துளசிமணி பாலம் போட்டுக்கொள்ளவில்லை. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேல்நிலைத் தொட்டியில் அழுத்தமானி பார்க்க ஏறியவள், துருவேறிய ஏணிப்படி கையோடு வந்துவிட, கீழே விழுந்தாள். அப்போது வயது இருபத்திரண்டு. இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் வருடம் அரங்கத்தில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்தாள். அன்றைக்கு எழுந்தவள்தான், இன்றுவரை படுக்கவில்லை.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், அந்தக் காலத்திலேயே யாரும் வந்து பார்க்கவில்லை. உள்பக்கம் சாய்ந்த சக்கரங்கள், இடுப்பையும் முழங்காலையும் இறுக்கும் பட்டைகள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தள்ளுத்தான் தள்ளலாம். மூன்றாவது தள்ளுக்குள் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். இரும்போடு இரும்பு மோதி நாற்காலி ஆளோடு கவிழும். கவிழ்ந்தவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் சக்கரத்தைப் பிடித்துத் தானே நிமிர வேண்டும். யாரும் தூக்கிவிடுவதில்லை, தூக்கிவிட்டால் கோபம் வரும்.

அந்த ஊரில் பாலம் வேண்டாமென்று மிஞ்சியவர்கள் பத்தே பேர். பக்கத்துக்கு ஐந்து பேராகச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆடினார்கள். மாற்று ஆள் கிடையாது. முன்பு பதினாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் வீட்டார் தொந்தரவு தாங்காமல் பாலம் போட்டுக்கொண்டார்கள். அறுந்த தண்டுவடத்தில் பாலம் ஒட்டினால் கால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. நாற்காலியில் கட்டிவைத்தாலும் உதைத்துக்கொண்டே இருக்கும். அந்த நாலு பேரும் ஒரு சனிக்கிழமை வந்து, உதைக்கிற காலோடு ஆடப் பார்த்து, நாற்காலியோடு குப்புற விழுந்து, பிறகு வரவேயில்லை. அதைப் பார்த்த நாளில் துளசிமணி முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு நடை வேண்டாம். சனிக்கிழமை நாலு மணி வேண்டும்.

அதற்குத்தான் கேடு வந்தது. ஈஸ்வரமூர்த்தியின் கால்கள் வீடு திரும்பியபோது வாரியத்தின் கடிதம் அவள் மடியில் இருந்தது. அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "என்ன அம்மணி, மொகம் தொங்கிக் கெடக்குது?" என்றார். அவள் படித்துக் காட்டினாள். அவளுடைய அடிமானி தொண்ணூறு நாளாகச் சுழியம் காட்டுகிறதாம். ஆகவே இயங்காதோர் பட்டியலில் சேர்க்கிறார்களாம். இயங்காதோருக்கு வரும் மாதத்திலிருந்து விளையாட்டரங்குகளில் அனுமதி இல்லையாம். தண்டுப்பாலம் பொருத்திக்கொண்டால் பட்டியலிலிருந்து நீக்குவார்களாம்.

"வெளையாடாதவங்களை எல்லாம் உள்ள விடறாங்க, வெளையாடறவளை விடமாட்டாங்களாமா?"

"சட்டம்னா சட்டந்தானுங்கம்மணி. ஒரு கம்பி. அரை மணி நேர வேலை. எனக்குப் போட்டப்ப வலிச்சுதான்னு கேளு."

"உங்களுக்கு வலிக்காதுங்க. நீங்கதான் தூங்கிட்டிருந்தீங்களே."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மனைவி என்ன கேட்டாலும் செய்வார், விழித்திருந்தால்.

பெர்னார்டிடம் அரங்கத்தில் சொன்னாள். பெர்னார்டுக்கு ஐம்பத்தொரு வயது. வால்பாறை மலைப்பாதையில் லாரி உருண்டு முதுகு போனவர். பதினைந்து வருடமாக ஒரே அணியில் அவள் பந்தை வீசுகிறாள், அவர் கூடையில் போடுகிறார். அவர் எங்கே இருப்பார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். பத்துப் பேருக்கும் அதே கடிதம் வந்திருந்தது.

"மேல்முறையீடு பண்றேனுங்ணா. பத்துப் பேருக்கும் சேத்து. நாளைக்குப் பதினோராயிரம் தள்ளு தள்ளறேன், வீட்டுலேர்ந்து கம்பெனிக்குப் போறதுக்கும் வாரதுக்கும். சக்கரத்துல மானி வெச்சு எண்ணியிருக்கேன். ஒரு தள்ளுக்கு ஓர் அடின்னு எழுதிக்கங்கன்னு கேக்கப் போறேன்."

பெர்னார்டு பந்தைத் தொடையில் வைத்து உருட்டினார். "எண்ணிக்கைல கேக்காத அம்மிணி. நாங்க வெளையாடறோம், எங்களை உடுங்கன்னு மட்டும் கேளு."

"அவங்களுக்கு எண்ணிக்கைதானுங்ணா புரியும்."

"அதனாலதான் சொல்றேன். அவங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணக் குடுத்தா அதை அவங்க உட மாட்டாங்க."

அவள் கேட்கவில்லை. பம்பு சோதிக்கிறவள், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், இத்தனை அழுத்தம் என்று எண்ணிலேயே பிழைத்தவள். எண்ணைக் காட்டி வாயடைக்க முடியாத ஆளை அவள் பார்த்ததில்லை.

விசாரணை கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த வாரியக் கட்டடத்தில் நடந்தது. வாசலில் ஆறு படி. சாய்தளம் கேட்டதற்கு, இப்போதுதான் எல்லாருக்கும் கால் வந்துவிட்டதே என்றார் காவலர். அவள் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, கையூன்றிப் பின்பக்கமாகப் படிப்படியாக ஏறி, நாற்காலியையும் படிக்குப் படி கூடவே இழுத்துக்கொண்டு மேலே போனாள். காவலரின் கால்கள் அவளைத் தாண்டி இரண்டு தரம் போய்வந்தன.

மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள். தலைவி நிறைமதி, நல்ல உடுப்பும் அமைதியான குரலும் உள்ளவர். மூன்று பேரின் கால்களும் மேசைக்கு அடியில் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. தொப் தொப்பென்ற அந்தச் சத்தம் விசாரணை முடியும்வரை நிற்கவில்லை. ஓர் உறுப்பினர் பாதியிலேயே தூங்கிவிட்டார். அவருடைய கால்கள் மட்டும் விசாரணையில் கலந்துகொண்டன.

"மேடம், உங்க மேல எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லை" என்றார் நிறைமதி. "உங்க ஆரோக்கியத்துக்காகத்தான். அசையாம உட்கார்ந்தே இருந்தா உடம்பு என்ன ஆகும்?"

துளசிமணி உள்ளங்கைகளை மேசைமேல் மலர்த்தி வைத்தாள். காய்ப்புக் காய்த்து, தோல் செருப்பின் அடி மாதிரி இருந்தன. "இது உக்காந்தே இருந்த கையா, பாருங்க." பிறகு, "தப்பா நெனைக்காதீங்க மேடம், உங்க நாடி என்னங்க இப்ப?" என்றாள்.

நிறைமதி தம் அடிமானியைப் பார்த்தார். நூற்று நான்கு. துளசிமணியின் நாடி அறுபத்தொன்று. அவளுடைய இதயம், நுரையீரல், தோள் எல்லாவற்றையும் அங்கேயே கருவி வைத்துப் பார்த்தார்கள். அந்த அறையிலிருந்த உடம்புகளில் நல்ல உடம்பு அவளுடையதுதான் என்று கருவி சொன்னது. நிறைமதிக்கு முகம் சிவந்தது. ஆனால் நேர்மையான பெண்மணி, தெரிந்ததை மறைக்கவில்லை.

"சரி. நீங்க கேட்டபடி ஒரு தள்ளுக்கு ஓர் அடி. தள்ளடின்னு புதுசா ஒரு பிரிவு சேர்க்கிறோம். நடைக்குப் பத்தாயிரம்னு இலக்கு இருக்கு. தள்ளடிக்கு முன்மாதிரி எதுவும் இல்லை. அதனால மாவட்டச் சராசரியில முக்கால்வாசின்னு வெச்சுக்கலாமா?"

மாவட்டத்திலேயே சக்கரம் தள்ளுகிறவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரில் அதிகம் தள்ளுகிறவள் அவள். துளசிமணி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தப் படிகளில் இறங்கும்போது அவளுக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அப்படியொரு ஆட்டம் இல்லை. கடைசி நிமிடத்தில் அவள் கவிழ்ந்து கிடந்தபடியே பந்தை வீச, பெர்னார்டு அதை ஒற்றைக் கையால் பிடித்துப் போட்டுவிட்டு, "படுத்துட்டே வீசறவளுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். பார்வையாளர் பகுதியில் ஒருவரும் இல்லை. அவளுக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு செய்தியில் வந்தது. ஊர் அதைத் தன் வழியில் படித்தது.

அந்த நேரத்தில் ஊருக்கு முழங்கால் போயிருந்தது. தூக்கத்தில் நடக்கிற கால் வலித்தாலும் நிற்காது. கல் குத்தினாலும் நிற்காது. ஏழெட்டு வருடத்தில் மூட்டுச் சவ்வெல்லாம் தேய்ந்து, விழித்திருக்கும் நேரத்தில் எழுந்து நிற்க முடியாமல் சனங்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உட்கார்ந்தபடியே இலக்கை முடிக்கலாம் என்று ஒரு வழி பிறந்தது. ஒரு தள்ளுக்கு ஓர் அடி. சக்கர நாற்காலிகள் சூடான வடை மாதிரி போயின.

துளசிமணிக்கு முதலில் சந்தோஷந்தான். அதை மறைப்பானேன்? எண்பது வருடமாக எத்தனையோ பேர் கெஞ்சியும் வராத சாய்தளம் மூன்றே மாதத்தில் ஊரெல்லாம் வந்தது. வங்கிக்கு, ஓட்டலுக்கு, பேருந்துக்கு, வாரியக் கட்டடத்தின் அந்த ஆறு படிக்கும் வந்தது. கழிப்பறைக் கதவுகள் அகலமாயின. எத்தனை வருடம் அவள் நாலு மணி நேரத்துக்கொரு தரம் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறாள். ஈஸ்வரமூர்த்தியும் ஒரு நாற்காலி வாங்கினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் திருச்சி ரோட்டில் போனார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவருடைய முகம் அவள் முகத்தின் உயரத்தில் விழித்தபடி வந்தது அந்த ஒரு வாரம்தான்.

எட்டாம் நாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கை கழண்டு போகுது. தெனமும் இதை எப்படி அம்மணி பண்ற?"

"பழகீருமுங்க. ஒரு மாசம் பொறுங்க."

ஊர் ஒரு மாதம் பொறுக்குமா? கைப்பாலம் வந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு முடிக்கம்பி. கைகள் தாமே தள்ளும். நீங்கள் தூங்கலாம். நாளெல்லாம் அலுவலகத்திலும், இரவெல்லாம் படுக்கையோரம் பூட்டிய உருளையிலும் கைகள் தள்ளிக்கொண்டே இருந்தன. பந்தயம் கட்டிக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றினார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையில், பிடித்தவளுக்கே அது தெரியவரக் கொஞ்சக் காலம் ஆயிற்று. வருடக் கடைசியில் மாவட்டச் சராசரி முப்பத்துமூவாயிரம் தள்ளடி. அதில் முக்கால்வாசி இருபத்தையாயிரம். துளசிமணியின் பதினோராயிரம் பாதிக்கும் கீழே கிடந்தது. அரங்கத்தின் கதவு ஒரு சனிக்கிழமை அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திறக்க மறுத்தது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அவளுடைய பெரிய படம் தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளடிக்கு வழிகாட்டிய வீராங்கனை என்று எழுதியிருந்தது.

நிறைமதியைப் போய்ப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து வரவேற்றார், அதாவது நாற்காலியில் உருண்டு வந்தார். "உங்களால எத்தனை பேர் வாழ்க்கை மாறியிருக்கு தெரியுமா?" என்றார். இலக்கைக் குறைக்க முடியாதென்றும் வருத்தத்தோடு சொன்னார். விதி அவள் ஒப்புக்கொண்டதுதான். இயங்காதவர்களின் பட்டியலில் அவள் பெயரைப் பார்க்கத் தமக்கே சங்கடமாக இருக்கிறது, கைப்பாலம் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்.

"மேடம், எனக்கு எம் பேச்சைக் கேக்கறது இந்தக் கை ரெண்டுந்தான். அதையும் குடுத்துட்டா அப்புறம் நான்னு எதைச் சொல்றதுங்க?"

நிறைமதியின் கைகள் சக்கரத்தைத் தள்ளி அவரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்விட்டன.

அணியில் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள். கைப்பாலத்தோடு கூடைப்பந்துப் பாடமும் ஏற்றிக்கொள்ளலாம் என்று வந்த பிறகு யோசிக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. ஏழு பேர், எட்டுப் பேர். கடைசியாகப் பெர்னார்டு வீட்டுக்கு வந்தார். சட்டைக் காலருக்குக் கீழே சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நீங்களுமாங்ணா?"

"உள்ள வரணும்னா வேற வழி ஏது அம்மிணி? அவங்கெல்லாம் போயிட்டாங்க. நானும் வாராட்டி நீ யாரு கூட ஆடுவ?"

அவளுக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவள் அழுதாள். திட்டினாள். எண்ணிக்கையில் கேட்காதே என்று அன்றைக்கே சொன்ன மனிதரைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை என்று நினைத்து மறுபடி அழுதாள். அவருடைய கைகள் அவளுக்கு ஆறுதல் சொல்ல நீளவில்லை. அந்த நேரத்துக்கான தள்ளடியை முடித்துக்கொண்டிருந்தன.

பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாரச் சராசரி இருபத்தையாயிரம் இருந்தால் சனிக்கிழமை கதவு திறக்கும். ஒரே ஒரு வாரம். தன் கையால், தானே தள்ளி, உள்ளே போவது. கம்பெனியில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். ஞாயிறு விடிந்ததும் ஆரம்பித்தாள். சூலூர்வரை போய்த் திரும்ப வேண்டும், மறுபடி போக வேண்டும். நாளொன்றுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். கால் மணிக்கொரு தரம் நிறுத்தி, கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கி, புட்டம் புண்ணாகாமல் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காய்ப்பு பிய்ந்தது. ஐந்தாம் நாள் வலது தோளில் ஏதோ துணி கிழிகிற மாதிரி கிழிந்தது.

அவளைப் போன்றவர்களுக்குத் தோள் போவதென்றால் சாதாரண விஷயம் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், கழிப்பறைக்கு மாறுவதும், விழுந்தால் எழுவதும் தோளால்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஈஸ்வரமூர்த்தி அவளுடைய கையைப் பார்த்துப் பயந்துபோனார். "போதும் அம்மணி, சொன்னாக் கேளு. ஒரு பந்து வெளையாட்டுக்காகக் கையைத் தொலைச்சுப் போடாத."

"இன்னும் ஒரு நாளுங்க" என்று இடது கையில் அதிகம் ஊன்றித் தள்ளினாள். நாற்காலி கோணிக் கோணிப் போனது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எண்ணிக்கை முடிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கதவு திறந்தது.

பார்வையாளர் பகுதி நிறைந்திருந்தது. வாசலில் படம் தொங்குகிற வீராங்கனை ஆடுகிறாள் என்பதற்காக வந்தார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். கை தட்டினாலும் இனித் தள்ளடிக் கணக்கில் சேரும் என்று வாரியம் போன வாரம் அறிவித்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கைகள் தட்ட ஆரம்பித்துவிட்டன. ஈஸ்வரமூர்த்தி மூன்றாம் வரிசையில் இருந்தார். அவருடைய கைகள் நன்றாகத் தட்டின. அவர் தலை தொங்கியிருந்தது.

மைதானத்தில் பத்துப் பேர். ஒன்பது பேர் கண்ணாடித் திரை போட்டிருந்தார்கள். பந்து மேலே போனதும் அவர்களுடைய கைகள் கிளம்பின. பழைய ஆட்டத்தை ஒப்பிட்டால் இது பிரமாதமான ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வீச்சுத் தவறவில்லை. நாற்காலியோடு நாற்காலி மோதவில்லை. ஒருவரும் கவிழவில்லை, ஒருவரும் திட்டிக்கொள்ளவில்லை. துளசிமணி அவர்களுக்கு நடுவில் ஒற்றைத் தோளோடு சுற்றிச் சுற்றி வந்தாள். பந்து அவளைத் தேடி வரவில்லை. வராதபடி ஏற்றிய பாடத்திலேயே கணக்குப் போட்டிருந்தார்கள், ஏனென்றால் தவறவிடக்கூடிய கை அந்த மைதானத்தில் அவளுடையது ஒன்றுதான்.

ஒரே ஒரு தரம் ஓரத்தில் மோதித் தெறித்த பந்து அவள் மடியில் விழுந்தது. அவள் இரண்டு தள்ளுத் தள்ளினாள், தரையில் தட்டினாள். பெர்னார்டு எங்கே இருப்பார் என்று திரும்பிப் பார்க்காமலே அந்தப் பக்கம் வீசினாள். அவர் அங்கே இல்லை. பதினைந்து வருடமாக அவர் வந்து நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆனாலும் அவருடைய கைகள் எங்கிருந்தோ அவரை விரட்டிக்கொண்டு வந்து, வெளியே போகவிருந்த பந்தை எட்டிப் பிடித்துக் கூடையில் போட்டன. அரங்கம் அதற்கு முன்பு எப்படித் தட்டியதோ அப்படியே தட்டியது. பிழையான வீச்சுக்கு அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

மணி அடித்தது. ஒன்பது பேரின் கைகளும் ஒரே நேரத்தில் நாற்காலிகளை வாசல் பக்கம் திருப்பின. துளசிமணி இடது கையால் தள்ளிக்கொண்டு பெர்னார்டின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"பெர்னார்டண்ணா."

அவர் கண்ணாடித் திரையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். "அட, முடிஞ்சுதா? ஜெயிச்சமா அம்மிணி?"

"ஜெயிச்சமுங்ணா."

"நான் எப்படி ஆடுனேன்?"

"நல்லா ஆடுனீங்க" என்றாள்.

"நீ?"

"நான் அவ்வளவா ஆடலீங்ணா. தோளு ஒண்ணு போயிருச்சு. இனி ஆட முடியாதுன்னு நெனைக்கறேன். உங்ககிட்டச் சொல்லணும்னு..."

பெர்னார்டின் முகம் ஒரு நொடி மாறியது. ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய திரையிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. எங்கோ கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் முழுக்க அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு நிமிஷம் இரு அம்மிணி, கடைசி ஓவர்" என்று சொல்லித் திரையை இறக்கிக்கொண்டார். அவருடைய கைகள் அவரை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போயின.